பெட்டியில் கிடக்கும் நான்கு குவில்ட்டுகள்: முடிப்பதா, விடுவதா?

ஒஹையோ மாநிலத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். அவருடைய அம்மா வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தியவர். மகளுக்கும் தையல் கைவந்த வேலை. அமெரிக்கரைத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே வாழ்கிறார். 80 வயதைத் தாண்டிய மாமியார் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, ஒரு பழைய மரப்பெட்டியை இவரிடம் ஒப்படைத்து, "உனக்குத்தான் தைக்கத் தெரியும், நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லியிருக்கிறார். மாமியாருக்கு இப்போது ஞாபகம் வந்து வந்து போகிறது.

பெட்டிக்குள் நான்கு குவில்ட் மேல்துணிகள். குவில்ட் என்பது மூன்று அடுக்கு: துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தைத்தால்தான் அது போர்வையாகும். இங்கே இருப்பவை மேல்துணிகள் மட்டும். முதலாவது, அறுகோணத் துண்டுகளைக் கையால் இணைத்த பூந்தோட்ட வடிவம், 80க்கு 90 அங்குலம். விளிம்புத் துண்டுகளில் காகிதம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. இரண்டாவது, ஒன்றோடொன்று கோத்த மோதிர வட்டங்கள். தரையில் விரித்தால் நடுவில் கூடாரம்போல் எழும்புகிறது. இந்த இரண்டும் கணவருடைய பாட்டி 1930களில் தைத்தவை. மூன்றாவது பழுப்பும் சிவப்புமாக இன்னும் பழையது; பாட்டிக்கும் முந்தின தலைமுறையுடையது என்கிறார்கள். அதில் "பழுப்பு நிறப் பூக்கள் மட்டும் உதிர்ந்து, பூ இருந்த இடத்தில் பூ வடிவத்திலேயே ஓட்டை." நான்காவது, மாமியாரே 1970களில் தன் பாலியஸ்டர் கவுன்களின் துண்டுகளைக் கொண்டு மிஷினில் தைத்தது. கூடவே, சேர்க்காத அறுகோணத் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய.

நாத்தனார் நான்கையும் வெட்டி, பேரப்பிள்ளைகளுக்குத் தலையணை உறையும் கரடிப் பொம்மையும் செய்யலாம் என்கிறார். கணவரோ, இவை ஆயிரக்கணக்கான டாலர் பெறும், தொடாதே என்கிறார். நம் வாசகியின் திட்டம்: முக்கல் வாடை போக வாஷிங் மெஷினில் மெதுவான சுற்றில் அலசி, தோட்டத்தில் வெயிலில் காயப்போட்டு, அந்துருண்டை போட்டு வைத்து, ஒவ்வொன்றாக முடிப்பது. ஆனால் மனசு தடுக்கிறது. "முடிக்காம விட்டா அவங்களுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு. முடிக்கப் போனா, அவங்க வம்சத்துல பொறக்காத என் கை பட்டுக் கெட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு. என்ன செய்ய?"

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டிருப்பது நான்கு துணிகளைப் பற்றி. ஆனால் கடிதம் முழுவதிலும், இது ஒரு கடன், எப்படியாவது அடைத்தாக வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. நான் முதலில் மாறுபடுவது அந்த இடத்தில்தான்.

முடியாமல் கிடக்கும் மேல்துணி ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய நிறைவேறாத ஆசை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டி தைத்த காலம் பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். துண்டுத்துணி வீட்டிலேயே கிடைத்தது. மாவும் கோழித்தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளைக்கூட, பெண்கள் துணியாக்கித் தைப்பார்கள் என்பதற்காகவே கம்பெனிகள் பூப்போட்டு அச்சடித்தன. ஆனால் உங்கள் பூந்தோட்டத்தின் அளவுக்கு அடித்துணி வேண்டுமென்றால், அன்றைய 36 அங்குல அகலத் துணியில் ஏழெட்டு கஜம் காசு கொடுத்து வாங்க வேண்டும். பஞ்சும் வாங்க வேண்டும். மூன்று அடுக்கையும் இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தை விரித்தால் ஒரு அறையே அடைபடும். அதனால் மேல்துணியை முடித்து, மடித்து, அடுத்த மேல்துணியைத் தொடங்கியவர்கள் ஏராளம். துண்டு சேர்ப்பது பிடித்து, ஊடுதையல் பிடிக்காதவர்களும் உண்டு. சில துணிகள் சரியாக வரவில்லை என்று தைத்தவரே ஒதுக்கியவை. உங்கள் மோதிர வட்டத் துணியைப் பற்றி எனக்கு அந்தச் சந்தேகம்தான் வலுவாக இருக்கிறது. நடுவில் அப்படி எழும்பும் துணியைத் தைத்தவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

அடுத்து, உங்கள் கை. துண்டு சேர்ப்பவர் ஒருவர், ஊடுதையல் போடுபவர் வேறொருவர் என்பது குவில்ட் வரலாற்றில் சர்வசாதாரணம். தேவாலயப் பெண்கள் குழுக்கள் அடுத்தவர் மேல்துணிகளைக் கூலிக்குத் தைத்துக் கொடுத்து நிதி திரட்டியிருக்கின்றன. 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய போட்டிக்கு ஏறத்தாழ 25,000 குவில்ட்டுகள் வந்தன. 1,000 டாலர் முதல் பரிசை வென்றவர் கென்டக்கியைச் சேர்ந்த மார்கரெட் ரோஜர்ஸ் கேடன். அவர் பெயரில் வந்த அந்தக் குவில்ட்டைத் தைத்தது அவரல்ல, கூலிக்கு அமர்த்திய பெண்கள். அவர்கள் பெயர் அப்போது வெளியே வரவில்லை. அதுதான் எனக்கு வருத்தமே ஒழிய, பல கை பட்டது அல்ல. வம்சத்தில் பிறக்காதவர் தொடக் கூடாது என்று இந்தக் கலையில் எந்தக் கட்டுப்பாடும் இருந்ததில்லை. உங்கள் மாமியார் பெட்டியைத் தேடிக் கொடுத்ததும் தைக்கத் தெரிந்த கையிடம்தான்.

ஆகவே "முடிக்க வேண்டுமா?" என்று நான்குக்கும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். ஒவ்வொரு துணியையும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஊசியைத் தாங்குமா என்பதைத் துணியே சொல்லிவிடும். அதற்கு முன்னால், அவசரமாகச் சிலவற்றை நிறுத்த வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டியவை

வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம், எவ்வளவு மெதுவான சுற்றானாலும். அடித்துணி இல்லாத மேல்துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு விட்ட கால் அங்குல ஓரங்கள் ஆயிரக்கணக்கில் திறந்து கிடக்கும். தண்ணீரில் சுழன்றால் அவை பிரிந்து, நூல் நூலாகச் சிக்கிக்கொள்ளும். கால் அங்குலத்தில் பாதி பிரிந்துவிட்டால் தையல் பிடிக்க இடமே இருக்காது. அதோடு பழைய சிவப்பும் கருநீலமும் எப்போது சாயம் இறங்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளைத் துண்டுகள் ரோஸ் நிறமாகிவிட்டால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. மேல்துணியைத் துவைக்கத்தான் வேண்டுமென்றால், மூன்றடுக்காகத் தைத்த பிறகே.

வெயிலும் வேண்டாம். பட்டுச்சேலையை நிழலில்தானே உலர்த்துவோம். இதற்கும் அதே பக்குவம். வாடை போக, வீட்டுக்குள் ஆளில்லாத ஓர் அறையில் கட்டில்மேல் சுத்தமான வெள்ளை விரிப்பைப் போட்டு, அதன்மேல் துணியை விரித்து, சன்னலைத் திறந்து ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓடவிட்டு நாலைந்து நாள் வையுங்கள். தூசுக்கு, கொசுவலைத் துணி ஒன்றைத் துணிமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வலைக்கு மேலே காட்டினால் போதும். பழுப்புத் துணிக்கு இதுவும் கூடாது.

அந்துருண்டையைத் தவிர்த்துவிடுங்கள். அதன் ஆவி உடம்புக்கு ஆகாது, வாடையும் துணியை விட்டுப் போகாது. மேலும் அந்துப்பூச்சி தேடி வருவது கம்பளிக்கும் பட்டுக்கும்தான். சுத்தமான பருத்தியை அது பெரும்பாலும் சீண்டாது. பருத்திக்கு எதிரி வெள்ளிமீன் பூச்சி. அதற்கு மாவுச்சத்து பிடிக்கும் என்பதால், எடுத்து வைக்கப்போகும் துணிக்குக் கஞ்சி போடவே கூடாது. நம் ஊர் வழக்கப்படி வேப்பிலை வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இலையின் கறை துணியில் இறங்கும். வேண்டாம்.

மரப்பெட்டிக்கே திருப்பிப் போடாதீர்கள். மரத்திலிருந்து வரும் அமிலம்தான் மடிப்பு ஓரங்களில் நீங்கள் பார்த்த பழுப்புக் கறைகளுக்குப் பெரும்பாலும் காரணம். பிளாஸ்டிக் பையும் கூடாது. ஈரம் உள்ளேயே நின்றுவிடும். வெளுக்காத பருத்தித் துணியைக் கஞ்சி போகத் துவைத்து, அதில் சுற்றி, வீட்டுக்குள் மனிதர்கள் புழங்கும் அறையில் வையுங்கள். நிலவறையும் பரணும் சரிப்படாது. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை பிரித்து, மடிப்பு இடம் மாறும்படி மடியுங்கள்.

பழுப்புத் துணி: ஊசி படக் கூடாது

இது ஒன்றில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். பூ வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது பூச்சி அரித்தது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கரும்பழுப்பும் கறுப்பும் கொண்டுவர இரும்பு உப்பு கலந்து சாயமேற்றினார்கள். அந்த இரும்பு காலப்போக்கில் பருத்தி இழையை உள்ளிருந்தே அரித்துவிடும். அதனால்தான் சுற்றியிருக்கும் சிவப்பு திடமாக இருக்க, பழுப்பு மட்டும் இற்று உதிர்கிறது. இதை நிறுத்த மருந்து இல்லை. வேகத்தைத்தான் குறைக்க முடியும். ஊசி குத்தினால் குத்திய இடமெல்லாம் கிழியும். பஞ்சும் அடித்துணியும் சேர்ந்தால் அந்தக் கனத்திலேயே அறும்.

துணி தாங்குமானால், மடிக்காமல், அமிலமற்ற காகிதம் சுற்றிய பருமனான குழலில், பூப்பக்கம் வெளியே தெரிய, இடையிடையே அமிலமற்ற மெல்லிய தாள் வைத்து உருட்டி வையுங்கள். உதிர்ந்த துணுக்குகளை ஓர் உறையில் போட்டுக் கூடவே வைக்கலாம். காட்சிக்கு வைக்க விரும்பினால், மெல்லிய பட்டுவலை போர்த்தித் தாங்குதல் கொடுப்பது பாதுகாப்பு நிபுணரின் வேலை, அதற்குச் செலவாகும்.

காலத்தைக் கணிப்பதில் ஒரு விஷயம். துண்டுகளில் ஆகப் புதியது எதுவோ, அதற்கு முன்னால் அந்த மேல்துணி பிறந்திருக்க முடியாது. ஐம்பது வருடம் சேர்த்து வைத்த துண்டுகளைப் பிற்காலத்தில் இணைத்தவர்களும் உண்டு. ஆகவே "கொள்ளுப்பாட்டி காலத்தது" என்ற குடும்பப் பேச்சை எழுதி வையுங்கள், ஆனால் முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். லிங்கனில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் சர்வதேசக் குவில்ட் அருங்காட்சியகத்தின் தொகுப்பும், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் குவில்ட் இன்டெக்ஸ் என்ற படத்தொகுப்பும் இணையத்தில் இருக்கின்றன. உங்கள் துணியின் அச்சுகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பூந்தோட்டம்: முடிக்கலாம், ஆனால் காகிதத்தைப் பார்த்த பிறகு

நான்கில் என் மனம் அதிகம் போவது இதன்மேல்தான். நடுவில் மஞ்சள் துண்டு ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, பிறகு வெள்ளைப் பாதை. பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ள துண்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவில் 80க்கு 90 அங்குலம் என்றால் உத்தேசமாக 2,700 துண்டுகளுக்கு மேல் வரும். ஒவ்வொன்றையும் காகிதத்தின்மேல் மடித்து, தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்டு, பக்கத்துத் துண்டோடு விளிம்புத் தையலால் இணைத்திருக்கிறார் பாட்டி. ஆறு பக்கமும் அண்டைத் துண்டு வந்த பிறகுதான் காகிதத்தை உருவுவார்கள். விளிம்பில் காகிதம் நிற்கிறது என்றால், இன்னும் வரிசை சேர்க்கும் எண்ணம் அவருக்கு இருந்திருக்கலாம். டின்னில் உள்ள துண்டுகளும் அதையே சொல்கின்றன.

அந்தக் காகிதங்களை அவசரத்தில் பிய்த்துவிடாதீர்கள். வீட்டில் கிடைத்த செய்தித்தாள், கடித உறை, கணக்குச்சீட்டு எதையும் வெட்டிப் பயன்படுத்துவார்கள். அஞ்சல் முத்திரையோ, பாதி விளம்பரமோ, யாரோ எழுதிய இரண்டு வரியோ கிடைக்கலாம். செய்தித்தாளில் தேதி இருந்தால், அந்தத் துண்டு அதற்குப் பிறகுதான் தைக்கப்பட்டது என்பது உறுதி. எந்தத் துண்டில் எது இருந்தது என்று படம் எடுத்து, எண் போட்டு, பிறகு ஓட்டுத்தையலை வெட்டி உருவுங்கள். காகிதத்தின் அமிலம் துணிக்கு ஆகாது என்பதால், முடித்தாலும் முடிக்காவிட்டாலும் உருவத்தான் வேண்டும். காகிதங்களைத் தனி உறையில் வையுங்கள்.

துணியின் தெம்பை இப்படிப் பாருங்கள். பகலில் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பகுதி பகுதியாகப் பிடித்தால் நைந்த இடமும் துளையும் தெரிந்துவிடும். வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் சாக்கின் வாய்த்தையலைப் பிரித்த தடம். அந்தத் துண்டு தீவனச் சாக்கிலிருந்து வந்தது என்று சொல்ல நல்ல ஆதாரம் அதுதான், ஏனென்றால் அதே மாதிரி அச்சுகள் கடையில் கஜக்கணக்கிலும் விற்றன. பிறகு தையல்களை விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். துணி நன்றாக இருந்து நூல் மட்டும் இற்றிருந்தால், பின்பக்கமாகப் பருத்தி நூலால் மறுதையல் போட்டால் போதும். கிழிந்த துண்டை அகற்ற வேண்டாம். அதன்மேல் அதே அளவில் புதுத்துண்டை வைத்து ஓரம் மடித்துத் தைத்துவிடுங்கள், பழையது அடியில் பத்திரமாக இருக்கட்டும். 1930களின் அச்சுகளை ஒட்டி இப்போதும் துணி வருகிறது. உங்கள் பக்கத்துக் குவில்ட் கடைகளில் கிடைக்கும்.

சாயச் சோதனையை ஒவ்வொரு நிறத்துக்கும் பின்பக்கத்தில் செய்யுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே வெள்ளை ஒற்றுத்தாள், ஒரு நிமிட அழுத்தம். நிறம் ஏறாவிட்டால், சோப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு மறுபடி. ஒரு நிறம் ஏறினாலும், முடித்த பிறகும் இதைத் தண்ணீரில் போடக் கூடாது என்று அர்த்தம்.

ஓரம் அறுகோணமாக வளைந்து வளைந்து போகிறது, நேராக வெட்டிவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வெட்டாதீர்கள். ஜாக்கெட் கழுத்துக்குக் கிராஸ் பட்டி வைப்பீர்களே, அதே பட்டியை இந்த வளைவுகளுக்கும் வைக்கலாம். அமெரிக்கத் தையல்காரர்கள் பலர் தயங்கும் வேலை இது. உங்களுக்கு அம்மாவிடமிருந்து வந்த வேலை. பஞ்சு மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். அதன் உறையில் ஊடுதையல் எத்தனை அங்குல இடைவெளி வரை போகலாம் என்று போட்டிருக்கும். பழங்காலப் பஞ்சு நெருக்கமாகத் தைக்காவிட்டால் துவைக்கையில் கட்டி தட்டிவிடும். இப்போது வருவதில் எட்டுப் பத்து அங்குல இடைவெளிகூடத் தாங்குபவை உண்டு. ஆனால் இந்த வடிவத்துக்கு, ஒவ்வொரு அறுகோணத்துக்குள்ளும் கால் அங்குலம் தள்ளி ஓட்டுத்தையல் போடுவதுதான் அந்தக் கால வழக்கம், அழகும் அதில்தான். பழைய சேலைகளை அடுக்கி அம்மா குழந்தை விரிப்பு தைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கைக்குப் பழகிய அதே தையல்தான் இது. வருடக்கணக்கில் போகும் வேலை, அவசரப்படாதீர்கள்.

மோதிர வட்டங்கள்

1920களின் இறுதியிலிருந்து பெரிதும் பரவிய வடிவம் இது. தைப்பதற்குக் கடினமானது. எல்லாம் வளைவு, எல்லாம் குறுக்கு வெட்டு. ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூல் பிசகினால் வட்டம் முழுக்கச் சேர்ந்து கூடாரமாகிவிடும். விரித்து உள்ளங்கையால் நீவிப் பாருங்கள். லேசாக உப்பி நின்றால், கம்பளிப் பஞ்சு வைத்தால் அந்த உப்பலை உள்வாங்கிக்கொள்ளும். துணி தன்மேலேயே மடிந்து விழுந்தால் பஞ்சு காப்பாற்றாது. அந்த வளைவைப் பிரித்துத் திருத்த வேண்டும்.

பிரிப்பது பாட்டியின் தையலை அழிப்பது ஆகாதா? ஆகும்தான். அதனால் முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டு, எழும்பும் வட்டங்களில் மட்டும் கை வையுங்கள். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால், சரியாகப் படியும் பகுதியை மட்டும் பஞ்சில்லாமல் ஓர் அடித்துணி கொடுத்து மெல்லிய விரிப்பாக வைத்துக்கொள்ளலாம். அல்லது அப்படியே சுற்றி வையுங்கள். பாட்டியே ஒதுக்கியதை நீங்களும் ஒதுக்கி வைத்தால் யாருக்கும் துரோகம் இல்லை.

பாலியஸ்டர்: இதுதான் முதலில்

கடிதத்தில் நீங்கள் இரண்டே வரியில் கடந்துபோன துணி இது. எனக்கு முதலில் எடுக்கத் தோன்றுவது இதைத்தான். மற்ற மூன்றையும் தைத்தவர்கள் இல்லை. இதைத் தைத்தவர் இருக்கிறார். அவரிடம் கேட்கலாம்.

1970களின் டபுள் நிட் (இரட்டைப் பின்னல்) பாலியஸ்டர் இற்றுப்போகாது, சாயமும் எளிதில் போகாது. ஊசி ஏறுவதுதான் கஷ்டம். கையால் ஊடுதையல் போட்டால் விரல் புண்ணாகிவிடும். இதற்கு ஏற்றது முடிச்சுப் போடுவது. மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடித்து, நான்கைந்து அங்குலத்துக்கு ஒன்றாகத் தடித்த நூலைக் கீழே இறக்கி மேலே எடுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு நறுக்கிவிடுவார்கள். இது அரைகுறை வேலை அல்ல. ஏழை வீடுகளின் தினசரிப் போர்வைகள் பல தலைமுறைகளாக இப்படித்தான் முடிந்தன. மெனோனைட் மத்தியக் குழு என்ற நிவாரண அமைப்பு அகதிகளுக்கு அனுப்பும் போர்வைகள் இன்றும் பெரும்பாலும் முடிச்சுப் போட்டவையே. துணியே கனமானது என்பதால் பஞ்சுக்குப் பதில் மெல்லிய ஃபிளானல் போதும். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில், மேலே ஒரு துணி போட்டுத்தான் வைக்க வேண்டும். சூடு கூடினால் உருகும்.

முடிச்சுப் போட நுணுக்கமான பார்வை வேண்டாம். இல்லத்து மேசையில் ஓரத்தை விரித்து, நூலை நீங்கள் கோத்துக் கொடுத்தால், அவரால் முடிகிற அன்றைக்கு நாலு முடிச்சு போடட்டும். ஒவ்வொரு கவுனும் எங்கே உடுத்தியது என்று பேச்சும் வரும். அதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஞாபகம் நாளுக்கு நாள் மாறும் நிலையில் இதைத் தள்ளிப்போட வேண்டாம். அவர் வேண்டாம் என்று சொன்னாலும் அதையும் மதியுங்கள்.

கூலிக்குக் கொடுப்பது, விற்பது, வெட்டுவது

லாங்ஆர்ம் என்ற பெரிய ஊடுதையல் மிஷின் வைத்திருப்பவர்கள் சதுர அங்குலத்துக்கு இத்தனை சென்ட் என்று கூலி வாங்குவார்கள். இரண்டு சென்ட் என்று வைத்துக்கொண்டால், பூந்தோட்டத்தின் 7,200 சதுர அங்குலத்துக்கு 144 டாலர்; பஞ்சும் அடித்துணியும் தனி. மிஷினில் தைத்தால் மரியாதைக் குறைவு என்பது சரியல்ல. மிஷினால் இணைத்த மேல்துணிக்கு மிஷின் தையல் பொருந்தவே செய்யும். ஆனால் கையால் இணைத்த பூந்தோட்டத்தைக் கொடுப்பதாக இருந்தால், பழைய மேல்துணிகளில் அனுபவம் உள்ளவரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இழுத்துக் கட்டும்போது பழைய தையல் விட்டுப்போகும். கைத்தையலே வேண்டுமென்றால், உங்கள் மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டியில் அமிஷ் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்கள் செய்து தருகிறார்கள். அங்கே கூலி, செலவான நூலின் கஜக் கணக்கில்.

உங்கள் கணவரின் கணக்கு மட்டும் கொஞ்சம் இறங்க வேண்டும். இணையத்தில் பார்ப்பது கேட்கும் விலை. விற்ற விலையைப் பாருங்கள். 1930களில் பூந்தோட்டமும் மோதிர வட்டமும் எக்கச்சக்கமாகத் தைக்கப்பட்டதால், முடிக்காத மேல்துணி சில நூறு டாலரைத் தாண்டுவது அரிது. முடித்தால் மதிப்பு கெட்டுவிடும் என்ற அச்சம் இந்த இரண்டுக்கும் பெரிதாகப் பொருந்தாது. பழுப்புத் துணிக்கு மட்டும், குவில்ட் மதிப்பீட்டில் சான்று பெற்ற ஒருவரிடம் மதிப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

நாத்தனார் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டியின் கைவேலை பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் போகட்டும் என்கிறார். ஆனால் மற்ற எதைச் செய்தாலும் பின்னால் திருத்தலாம், கத்தரி வைத்த பிறகு முடியாது. பிஸ்கட் டின்னை அவரிடம் கொடுங்கள். ஏழு துண்டு சேர்த்தால் ஒரு பூ; தலையணை உறையின் நடுவில் தைத்துக் கொடுத்தால் பாட்டி வெட்டிய அதே துணி பிள்ளைகள் கைக்குப் போகும். பெட்டியை மாமியார் உங்களிடம் கொடுத்தார் என்பது குடும்பத்துக்குத் தெரியும் என்றாலும், எதை முடிக்கிறீர்கள், எதைத் தொடப்போவதில்லை என்று எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சலில் எழுதி, படங்களோடு அனுப்பிவிடுங்கள். பின்னால் மனத்தாங்கல் வராது.

பெயர்

முடிக்கும் ஒவ்வொன்றிலும் பெயர்த்துணி ஒன்று வைத்தே தீர வேண்டும். அடித்துணியின் மூலையில், ஊடுதையல் போடுவதற்கு முன்பே தைத்துவிட்டால், பின்னால் யாரும் எளிதில் பிரித்தெடுக்க முடியாது. மேல்துணி தைத்தவர் பெயர், ஊர், தெரிந்த வரை காலம். முடித்தவர் பெயர், ஊர், ஆண்டு. எந்தத் துண்டு மாற்றியது என்ற குறிப்பு. நூலால் எழுதினால் நல்லது; பேனா என்றால் துணிக்கான நிறமி மைப் பேனா. உங்கள் பெயரை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுங்கள். முடிக்காமல் வைப்பவற்றுக்கும் சுற்றிய துணியில் இதே விவரத்தோடு ஒரு சீட்டு கட்டுங்கள், ஏன் முடிக்கவில்லை என்ற ஒரு வரியோடு. பெட்டியை உங்களுக்குப் பின் திறப்பவர், நீங்கள் இப்போது தவிக்கிற தவிப்பைப் பட வேண்டாம்.

மாமியாரை அடுத்த முறை பார்க்கப் போகும்போது பாலியஸ்டர் துணியை மட்டும் கொண்டுபோங்கள். மற்ற மூன்றின் படங்களைக் காட்டி, யார் தைத்தது, எங்கே இருந்தபோது, யாருக்காக என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழுப்புத் துணியின் பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். குழலில் உருட்டத் தாங்குமா, தட்டையாகவே வைக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அதை உருட்டவோ மடிக்கவோ வேண்டாம்.